கல்லைக் கட்டிப் போட்டா படகு நிக்குமா? சின்னப் படகுக்கு எந்த நங்கூரம் சரி... முழு விவரம்!

சென்னை:
பைபர் படகு வாங்க லட்சக்கணக்கில் செலவு செய்கிறார்கள். என்ஜினுக்கு அதற்கு மேல் செலவு. ஆனால் நங்கூரம் என்று வரும்போது மட்டும், "கிடைச்சதைக் கட்டிக்கலாம்" என்று ஒரு பழைய இரும்புத் துண்டையோ, கருங்கல்லையோ கயிற்றில் முடிந்து படகில் போட்டு விடுகிறார்கள்.

காற்று இல்லாத நாளில் அதுவே போதும். கல்லும் நிற்கும், படகும் நிற்கும். காற்று கிளம்பிய நாளில்தான் விஷயம் தெரியும். படகு நகருகிறதா, நிற்கிறதா என்று புரிவதற்குள்ளேயே அலை உடையும் இடத்துக்கு வந்து விடும்.

தூண்டில் போட்டு தொழில் செய்பவர்கள் மட்டுமல்ல, லீவு நாளில் பொழுதுபோக்காக மீன் பிடிக்க சின்னப் படகில் கிளம்புகிறவர்களும் இப்போது அதிகம். இவர்கள் எல்லோருக்கும் நங்கூரம் என்பது படகை நிறுத்தி வைக்கிற சாமான் மட்டும் இல்லை. கடலில் படகுக்கு இருக்கிற ஒரே பிரேக் அதுதான்!

என்ஜின் நின்றால் என்ன ஆகும்?

கரையில் இருந்து 1 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும்போது என்ஜின் நின்று விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று கரையைப் பார்த்து அடிக்கிறது. மணிக்கு 2 கிலோ மீட்டர் வேகத்தில் படகு தள்ளப்பட்டால்கூட, அரை மணி நேரத்தில் அலை உடையும் இடத்தில் இருப்பீர்கள். அங்கே சின்னப் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பினால் ஒரே புரட்டுதான்.

அந்த அரை மணி நேரத்தில் நங்கூரம் பிடித்து விட்டால் நிலைமை தலைகீழ். படகு முகத்தை அலைக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். நிதானமாக என்ஜினைப் பார்க்கலாம், போன் போடலாம், பக்கத்துப் படகைக் கூப்பிடலாம்.

காற்று கடலைப் பார்த்து அடித்தால் இன்னும் மோசம். நேரம் ஆக ஆக ஆழம் கூடும். கயிறு எட்டாத ஆழத்துக்குப் போய் விட்டால் நங்கூரத்தால் பயன் இல்லை. அதனால் என்ஜின் நின்றதும் முதல் வேலை, மூடியைத் திறந்து ரிப்பேர் பார்ப்பது அல்ல. நங்கூரத்தைப் போடுவதுதான் முதல் வேலை.

கப்பலையே இழுத்து வந்த புயல்

"நங்கூரம் போட்டாச்சு, இனி கவலை இல்லை" என்று நினைக்க முடியாது என்பதற்கு சென்னையே சாட்சி.

2012-ம் ஆண்டு அக்டோபர் 31-ந்தேதி நிலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அன்று சென்னை துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சி நின்ற பிரதீபா காவேரி என்ற எண்ணெய் கப்பலை காற்று நங்கூரத்தோடு சேர்த்து இழுத்து வந்தது. பெசன்ட் நகர் கடற்கரை அருகே கப்பல் தரைதட்டியது. உயிர்காக்கும் படகில் இறங்கி கரைக்கு வர முயன்ற ஊழியர்களில் சிலர், அந்தப் படகு கவிழ்ந்து பலியானார்கள். தரைதட்டிய கப்பலை வேடிக்கை பார்க்க சென்னையே திரண்டு போனது பலருக்கும் நினைவிருக்கும்.

அவ்வளவு பெரிய கப்பலின் நங்கூரமே நகர்ந்தது என்றால், 20 அடி படகில் கயிறு சுற்றிக் கிடக்கும் கல் எந்த மூலைக்கு?

நங்கூரம் நிறுத்துவது எடையால் அல்ல

நங்கூரம் கனமாக இருந்தால் படகு நிற்கும் என்பதுதான் பெரும்பாலானவர்களின் நினைப்பு. அது தப்பு. நங்கூரம் படகை நிறுத்துவது தன் எடையால் அல்ல. மண்ணுக்குள் புதைந்து பிடிப்பதால்.

வயலில் ஏர் ஓட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கலப்பையைப் படுக்கை வாட்டில் இழுத்தால் கொழு மண்ணுக்குள் இறங்கும். அதையே கிணற்றில் வாளி தூக்குவது மாதிரி நேர் மேலே இழுத்தால், கொழு மண்ணை விட்டு வெளியே வந்து விடும்.

நங்கூரமும் அச்சு அசல் அப்படித்தான். கடல் அடியில் தரையோடு ஒட்டினாற்போல இழுபட்டால் அதன் அலகு மண்ணுக்குள் புதையும். காற்று எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு ஆழமாகப் போய்ப் பிடிக்கும். மேல்நோக்கி இழுபட்டால் பெயர்ந்து வந்து விடும். நங்கூரத்தின் வடிவம், சங்கிலி, கயிற்றின் நீளம் எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

50 கிலோ கல் தண்ணீரில் 30 கிலோ!

கல்லைக் கட்டிப் போடுவதில் என்ன குறை? கணக்குப் போட்டால் தெரிந்து விடும்.

தண்ணீருக்குள் போனதும் எந்தப் பொருளும் எடை குறையும். கல்லும் கான்கிரீட்டும் ரொம்பவே குறையும். கரையில் 50 கிலோ இருக்கும் கருங்கல், தண்ணீருக்குள் சுமார் 30 கிலோதான். இரும்பு இந்த அளவுக்குக் குறையாது. 10 கிலோ இரும்பு தண்ணீருக்குள் ஏறக்குறைய 8.7 கிலோ நிற்கும்.

கல் மண்ணுக்குள் புதையாது. தரையில் உரசிக்கொண்டு கிடக்கும். அதனால் தன் எடை அளவுக்குக்கூட அதனால் இழுவையைத் தாங்க முடியாது. அந்தக் 30 கிலோவையும் முழுசாகத் தாங்குவதாகவே வைத்துக்கொள்வோம். காற்று எவ்வளவு இழுக்கும்?

அமெரிக்காவில் படகுகளுக்குத் தரம் வகுக்கும் ஏ.பி.ஒய்.சி. என்ற அமைப்பின் அட்டவணை இதற்கு வழி சொல்கிறது. 20 அடி படகை மணிக்கு 28 கிலோ மீட்டர் வேகக் காற்று இழுக்கும்போது கயிற்றில் சுமார் 40 கிலோ இழுவை வரும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதே படகுக்கு 55 கிலோ மீட்டர் வேகக் காற்றில் 160 கிலோவுக்கு மேல்!

கவனித்தீர்களா? காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால் இழுவை இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகிறது. காலையில் அசையாமல் நின்ற படகு மதியம் காற்று ஏறியதும் நகர ஆரம்பிப்பது இதனால்தான்.

சாதாரணக் காற்றுக்கே 50 கிலோ கல் தாங்காது. ஆனால் சரியான வடிவத்தில் செய்த 5 கிலோ நங்கூரம் நல்ல மணலில் புதைந்து விட்டால், தன் எடையைப் போல 30 மடங்குக்கு மேலும் தாங்கும். தூக்குவதற்கும் சுலபம், இடுப்பும் பிழைக்கும்.

எத்தனை வகை? எது எதுக்கு?

கடைகளில் பல பெயர்களில் நங்கூரங்கள் கிடைக்கின்றன. சின்னப் படகுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இந்த ஐந்துதான்.

1. கொக்கி நங்கூரம்: நடுவில் ஒரு தண்டு, அடியில் நான்கு அல்லது ஐந்து வளைந்த கொக்கிகள். வெல்டிங் பட்டறையில் கம்பியை வளைத்தே செய்து கொடுத்து விடுவார்கள். பாறை, பார் உள்ள இடத்தில் சந்துக்குள் மாட்டிக்கொண்டு நன்றாகப் பிடிக்கும். மணலில் இதை நம்பக் கூடாது. கம்பி மெலிசாக இருப்பதால் மணலைக் கீறிக்கொண்டே வரும். நம் கரையோரத்தில் அதிகம் பார்க்கப்படுவது இதுதான். மணல் கரையில் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்!

2. தட்டை நங்கூரம்: டான்போர்த் என்று கேட்டால் கொடுப்பார்கள். தண்டின் இரண்டு பக்கமும் இரண்டு தட்டையான கூர்மையான தகடுகள், கதவுக் கீல் மாதிரி ஆடும். அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் டான்போர்த் உருவாக்கியது. இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையில் இறக்கிய படகுகள், மணலில் இருந்து தங்களைத் திரும்பக் கடலுக்குள் இழுத்துக்கொள்ள இதைப் பயன்படுத்தின. மணலிலும் சேற்றிலும் இது கில்லாடி. எடை குறைவு. மடக்கித் தட்டையாக வைத்துக்கொள்ளலாம், இடத்தை அடைக்காது. பாறையிலும், கடல்புல் அடர்ந்த இடத்திலும் பிடிக்காது. காற்று திசை மாறி படகு மறுபக்கம் திரும்பினால் பெயர்ந்து விடலாம். மறுபடி புதைய நேரம் எடுக்கும்.

3. கலப்பை நங்கூரம்: பெயரைப் போலவே ஏர்க்கலப்பை வடிவம். 1933-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஜி.ஐ.டெய்லர் கண்டுபிடித்தது. தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்காக எடை குறைவாக இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்தார். மணல், சேறு இரண்டிலும் பிடிக்கும். படகு திரும்பினால் இதுவும் மண்ணுக்குள் திரும்பிக்கொள்ளும். தட்டை நங்கூரத்தை விடக் கனமாக வாங்க வேண்டும். மடக்கி வைக்க முடியாது.

4. நக நங்கூரம்: புரூஸ் என்ற பெயரில் கிடைக்கும். பருந்தின் கால் நகம் மாதிரி மூன்று விரல். பீட்டர் புரூஸ் என்பவர் 1970-களில் உருவாக்கியது. எப்படிப் போட்டாலும் உருண்டு சரியாகி, சீக்கிரம் பிடிக்கும். மணல், சேறு, சில நேரம் பாறையிலும்கூட வேலை செய்யும். ஆனால் அதே எடை தட்டை நங்கூரத்தோடு ஒப்பிட்டால் தாங்கும் சக்தி குறைவு. அதனால் ஒரு அளவு பெரிதாக வாங்குவது நல்லது.

5. காளான் நங்கூரம்: குடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். ஏரி, காயல் சேற்றில் சின்னத் துடுப்புப் படகை நிறுத்த மட்டும் சரி. பல நாள் கிடந்து சேற்றில் புதைந்தால்தான் பிடிப்பு வரும். போட்டதும் பிடிக்கும் என்று கடலுக்கு எடுத்துப்போனால் கதை கந்தல்.

நம்ம கடலுக்கு எது?

நங்கூரம் வாங்கும் முன் படகைப் பார்ப்பதை விட கடல் அடியைப் பார்ப்பது முக்கியம்.

சென்னையில் இருந்து நாகப்பட்டினம் வரை கரையோரத்தில் பெரும்பாலும் மணல். ஆறு கலக்கும் முகத்துவாரங்களில் சேறும் கலந்திருக்கும். இங்கே தட்டை நங்கூரம் அல்லது கலப்பை நங்கூரம் சரி. பழவேற்காடு, முட்டுக்காடு போன்ற காயல்களில் சேறும் மணலும். இங்கேயும் தட்டை நங்கூரமே போதும்.

பாக் நீரிணையில் ஆழம் குறைவு. பல இடங்களில் கடல்புல் படர்ந்திருக்கும். புல்லின் மேல் தட்டை நங்கூரம் வழுக்கும். கனமான கலப்பை நங்கூரம் பரவாயில்லை. அதைவிட நல்லது, புல் இல்லாத மணல் திட்டாகப் பார்த்துப் போடுவது. கடல்பசுவுக்கு இந்தப் புல்தான் சாப்பாடு. கடல்பசுவுக்காக பாக் நீரிணையில் 448 சதுர கிலோ மீட்டர் பரப்பை 2022-ல் தமிழக அரசு பாதுகாப்பு பகுதியாக அறிவித்தது.

ராமேஸ்வரத்தில் இருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடா. இங்குள்ள தீவுகளும் பவளப்பாறைகளும் 1986-ல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளப்பாறை மேல் கொக்கி நங்கூரத்தைப் போட்டு இழுத்தால், வருஷத்துக்கு சில சென்டி மீட்டர் மட்டுமே வளரும் பாறை ஒரே இழுப்பில் உடையும். மீன் குஞ்சு பொரித்து வளரும் வீடே அதுதான். அதை உடைத்தால் நாளைக்கு வலையில் விழ மீன் இருக்காது.

கன்னியாகுமரி பக்கம் பாறைதான் அதிகம். அங்கே கொக்கி நங்கூரத்துக்கு வேலை உண்டு.

அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத இடமா? அதற்கு ஒரு பழைய வித்தை. ஈயக் குண்டின் அடியில் சோப்பு அல்லது கிரீசைத் தடவி கயிற்றில் இறக்குங்கள். மேலே இழுத்தால் மணல் ஒட்டியிருந்தால் மணல், சேறு அப்பியிருந்தால் சேறு, ஒன்றும் ஒட்டாமல் கீறல் மட்டும் விழுந்திருந்தால் பாறை! ஆழமும் அதிலேயே தெரிந்து விடும்.

எவ்வளவு எடை வாங்கலாம்?

18 முதல் 22 அடி வரை உள்ள பைபர் படகுக்கு தட்டை நங்கூரம் என்றால் 4 முதல் 5 கிலோ, கலப்பை அல்லது நக வகை என்றால் 6 முதல் 8 கிலோ என்பது பொதுவான அளவு. படகு பெரிதாக இருந்தாலோ, ஆளும் சாமானும் அதிகம் ஏறினாலோ அடுத்த அளவுக்குப் போய் விடுங்கள். சந்தேகம் வந்தால் பெரியதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறதா? வெறும் பெயிண்ட் என்றால் சில மாதத்தில் உப்பு தின்று விடும். வெல்டிங் சுற்றிலும் முழுசாக இருக்கிறதா? அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி வெல்டிங் இருந்தால் தொடவே தொடாதீங்க.

சங்கிலி இல்லாத நங்கூரம் பாதி நங்கூரம்

நங்கூரத்தில் நேரடியாகக் கயிற்றைக் கட்டுவது பெரிய தவறு. இடையில் சங்கிலி வேண்டும். குறைந்தது படகின் நீளம் அளவுக்கு. 20 அடி படகுக்கு 20 அடி சங்கிலி.

சங்கிலி செய்கிற வேலை இரண்டு. ஒன்று, தன் கனத்தால் தரையில் படிந்து கிடந்து, நங்கூரத்தைப் படுக்கை வாட்டில் இழுபட வைக்கும். இரண்டு, பாறையிலும் சிப்பியிலும் உரசினாலும் அறுபடாது. கயிறு உரசினால் ஒரே ராத்திரியில் தேய்ந்து போகும்.

சின்னப் படகுக்கு 6 முதல் 8 மில்லி மீட்டர் கம்பிச் சங்கிலி போதும். 8 மில்லி மீட்டர் சங்கிலி மீட்டருக்கு சுமார் 1.4 கிலோ இருக்கும்.

சங்கிலியையும் நங்கூரத்தையும் இணைக்கும் ஷேக்கிளின் ஆணியை இறுக்கிய பிறகு, அதன் கண்ணில் கம்பி விட்டு முறுக்கி விட வேண்டும். அலையின் ஆட்டத்தில் ஆணி தானாகவே கழன்று வரும். பத்து ரூபாய் கம்பிக்கு சோம்பல்பட்டால் நங்கூரமே கடலுக்குப் போய் விடும்.

எந்தக் கயிறு?

நங்கூரத்துக்கு நைலான் கயிறுதான் சரி. 10 முதல் 12 மில்லி மீட்டர் தடிமன். நைலான் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும். அலை படகைத் தூக்கிப் போடும்போது வரும் வெட்டி இழுப்பைக் கயிறே வாங்கிக்கொள்ளும், நங்கூரம் பெயராது.

விலை குறைவு என்று பச்சை, நீல பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டுகிறார்கள். அது தண்ணீரில் மிதக்கும். மிதக்கும் கயிறு என்ஜின் விசிறியில் சுற்றினால் அறுந்தது நங்கூரம், நின்றது என்ஜின், இரண்டும் ஒரே நேரத்தில்! வெயிலில் கிடந்தால் நார் நாராக உதிரவும் செய்யும்.

கயிற்றில் முடிச்சு விழும் இடத்தில் பலம் பாதி வரைக்கும் குறையும். அதனால் சங்கிலியோடு சேரும் முனையில் முடிச்சுக்குப் பதில், இரும்பு வளையம் வைத்து, புரியைப் பிரித்துப் பின்னிக்கொள்வது நல்லது. இன்னொரு முனை படகில் கட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டு, கயிறு முழுவதும் ஓடிப்போய், வெறும் கையோடு நின்றவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

கயிறு எவ்வளவு விடணும்? எளிய கணக்கு

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். 3 பாகம் ஆழம் என்றால் 5 பாகம் கயிறு விட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதவே போதாது.

ஒரு பாகம் என்பது 6 அடி. 3 பாகம் என்றால் 18 அடி ஆழம். இதோடு, தண்ணீர் மட்டத்தில் இருந்து படகின் அணியம் எவ்வளவு உயரம் என்று கூட்ட வேண்டும். 3 அடி என்று வைத்துக்கொள்வோம். ஓதம் ஏறினால் கூடும் உயரத்தையும் கூட்ட வேண்டும். சென்னை பக்கம் ஓதம் அதிகம் ஏறாது; 3 அடி என்று வைக்கலாம். மொத்தம் 24 அடி.

இந்த 24 அடியை வைத்துத்தான் கணக்கு:

சாப்பிட, வலை சரிசெய்ய கொஞ்ச நேரம் நிற்க, படகில் ஆள் விழித்திருந்தால் 3 மடங்கு, அதாவது 72 அடி (12 பாகம்).

சாதாரணக் காற்றில் மீன் பிடிக்க நிற்க 5 மடங்கு, 120 அடி (20 பாகம்).

ராத்திரி தங்க, காற்று கூடினால் 7 மடங்கு, 168 அடி (28 பாகம்).

காற்று ரொம்ப மோசமானால் 10 மடங்கு, 240 அடி (40 பாகம்).

இதில் சங்கிலியின் நீளமும் சேர்ந்தது. 7 மடங்கு விட்டால் கிடைக்கும் பிடிப்பு, 3 மடங்கு விட்டால் ஏறக்குறைய பாதியாகி விடும். நங்கூரம் அதேதான், கடல் அதேதான். கயிறு மட்டும்தான் வித்தியாசம்!

அதனால் படகில் குறைந்தது 50 மீட்டர் கயிறாவது இருக்க வேண்டும். 5 பாகத்துக்கு ஒரு துணி முடிந்து அடையாளம் வைத்துக்கொண்டால் இருட்டிலும் கணக்கு தப்பாது.

போடும் முறை

நங்கூரத்தைத் தலைக்கு மேல் சுற்றி வீசுவது சினிமாவுக்குத்தான் நல்லது. கயிறு காலில் சுற்றி ஆளும் சேர்ந்து போகும். சங்கிலி நங்கூரத்தைச் சுற்றிக்கொண்டு பிடிக்காமலும் போகும். சரியான முறை இதுதான்:

காற்று அல்லது நீரோட்டம் வரும் திசைக்கு படகின் முகத்தைத் திருப்பி, வேகத்தை முழுசாகக் குறைக்க வேண்டும்.

படகு நின்றதும் நங்கூரத்தை அணியத்தில் இருந்து மெதுவாக இறக்க வேண்டும். தரையைத் தொட்டதும் கயிறு தளரும்.

படகு தானாகப் பின்னுக்குப் போகும். போகப் போகக் கயிற்றை விட வேண்டும். ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டக் கூடாது.

கணக்குப்படி விட்டதும் அணியத்தில் கட்டி, என்ஜினை மெதுவாக ரிவர்சில் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். கயிறு விறைத்து படகு நின்றால் பிடித்து விட்டது. கயிற்றில் கை வைத்தால் தடதடவென்று அதிர்வு வந்தால் நங்கூரம் தரையில் இழுபடுகிறது என்று அர்த்தம். தூக்கி மறுபடி போடுங்கள்.

கடைசியாக, கரையில் ஒரே நேர்கோட்டில் தெரியும் இரண்டு பொருளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு பனைமரம், பின்னால் ஒரு செல்போன் டவர் என்று. அரை மணி கழித்தும் அதே கோட்டில் இருந்தால் படகு நகரவில்லை. கோடு விலகிக்கொண்டே போனால் படகு இழுபடுகிறது.

பின்பக்கம் கட்டினால் ஆபத்து!

என்ஜின் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்க சோம்பல்பட்டு, நங்கூரக் கயிற்றை படகின் பின்பக்கத்திலேயே கட்டி விடுவது உண்டு. சின்னப் படகில் உயிருக்கு உலை வைக்கும் காரியம் இது.

பின்பக்கம் தாழ்வு. என்ஜின் எடையும் அங்கேதான். கயிறு இழுக்கும்போது பின்பக்கம் இன்னும் தாழும். அலை மேலெழும்ப முடியாமல் நேராக உள்ளே வந்து விழும். இரண்டு அலை போதும், படகு நிறைந்து விடும். எவ்வளவு அமைதியான கடலாக இருந்தாலும் நங்கூரக் கயிறு அணியத்தில்தான் இருக்க வேண்டும்.

மாட்டிக்கிட்டா என்ன செய்வது?

பாரிலோ, கடலில் இறக்கியிருக்கும் செயற்கை பவளப்பாறைகளிலோ நங்கூரம் மாட்டிக்கொள்வது சகஜம். என்ஜினை முறுக்கி இழுத்தால் அணியத்தில் கயிறு கட்டும் கட்டையே பிடுங்கிக்கொண்டு வரும், படகும் கவிழலாம்.

பாறை இருக்கும் இடம் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஒரு வேலை செய்யலாம். நங்கூரத்தின் தலைமாட்டில், கொக்கி இருக்கும் பக்கம் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி, மேல் முனையில் மிதவை போட்டு விடுங்கள். மாட்டிக்கொண்டால் அந்தக் கயிற்றை இழுத்தால் நங்கூரம் வந்த வழியே பின்னுக்கு விடுபடும்.

அதுவும் முடியாவிட்டால்? கயிற்றை அறுத்து விட வேண்டியதுதான். கயிற்றின் பக்கத்திலேயே எப்போதும் கூர்மையான கத்தி இருக்க வேண்டும். போனது நங்கூரம்தானே, உயிர் இல்லையே.

ஆழம் எட்டாத இடத்தில்...

கயிறு எட்டாத ஆழத்தில் என்ஜின் நின்றால், பெரிய வாளியையோ, தார்ப்பாயின் நான்கு மூலையைச் சேர்த்துக் கட்டியோ, அணியத்தில் இருந்து நீளக் கயிற்றில் கடலில் விடலாம். இது படகை நிறுத்தாது. ஆனால் தள்ளப்படும் வேகத்தைக் குறைக்கும். படகின் முகத்தை அலைக்கு நேராக வைத்திருக்கும். உதவி வரும் வரை படகு புரளாமல் இருக்க இது போதும்.

ராத்திரியில் விளக்கு கட்டாயம்

நங்கூரம் போட்டு நிற்கும் படகு, நான்கு பக்கமும் தெரிகிற வெள்ளை விளக்கு ஏற்ற வேண்டும் என்பது சர்வதேச கடல் விதி. 7 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு, மற்ற படகுகள் போகாத இடத்தில் விலக்கு உண்டு. ஆனால் சென்னை, எண்ணூர் துறைமுகப் பகுதிகளில் ராத்திரி பகலாக கப்பலும் விசைப்படகும் போய் வருகின்றன. விளக்கு இல்லாத சின்னப் படகு அவர்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. விலக்கைப் பார்த்து விளக்கை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

புயல் என்றால் நங்கூரத்தை நம்பாதீங்க

எவ்வளவு நல்ல நங்கூரமாக இருந்தாலும் புயலில் சின்னப் படகை அதன் நம்பிக்கையில் விடக் கூடாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, காசிமேடு துறைமுகத்தில் நிறுத்தியிருந்த படகுகளே ஒன்றோடொன்று மோதி சேதமடைந்தன, சில மூழ்கின. நம் படகின் நங்கூரம் பிடித்தாலும், பக்கத்துப் படகு அறுத்துக்கொண்டு வந்து மோதினால் முடிந்தது கதை.

எச்சரிக்கை வந்ததும் சின்னப் படகைக் கரையில் மேடான இடத்துக்கு இழுத்து ஏற்றி, என்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போவதுதான் ஒரே வழி.

தடைக்காலத்தில் ஒரு மணி நேரம்

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். துறைமுகமே படகு, வலை, என்ஜின் ரிப்பேர் வேலையாக இருக்கும் காலம் இது. அப்போது நங்கூரத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

சங்கிலியைத் தரையில் நீட்டி ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். துரு தின்று மெலிந்த கண் இருந்தால், மொத்த சங்கிலியின் பலமும் அந்த ஒரு கண்ணின் பலம்தான். தண்டு வளைந்திருக்கிறதா, வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று பாருங்கள். கயிற்றை நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். நங்கூரப் பக்கம் தேய்ந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி விட்டு புதிதாகப் பின்னுங்கள். அல்லது கயிற்றைத் தலைகீழாக மாற்றிக் கட்டுங்கள்.

முடிந்தால் படகில் இரண்டு நங்கூரம் இருக்கட்டும். மணலுக்கு ஒரு தட்டை, பாருக்கு ஒரு கொக்கி. ஒன்றை அறுத்து விட வேண்டி வந்தாலும் இன்னொன்று கைவசம் இருக்கும்.

கிளம்பும் முன் இதையும் போனில் பதிந்து கொள்ளுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. தமிழக கடலோர பாதுகாப்பு போலீஸ் எண் 1093. போன் போட்டதும் அவர்கள் முதலில் கேட்பது, "எங்கே இருக்கீங்க?" என்பதுதான். நங்கூரம் பிடித்து நிற்கும் படகுதான் சொன்ன இடத்திலேயே இருக்கும்!